நகைத்தற்குப் பெண் ஆகாளோ?

2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மனோரமா மறைந்தபோது அவருக்குச் சூட்டப்பெற்ற புகழ்மாலைகளுள் அடிக்கடி காணப்பட்டது ‘பெண் சிவாஜி’ என்னும் பட்டம். அவர் வாழ்ந்த காலத்திலேயே வழங்கிய பட்டந்தான் அது. அன்பினாற் சொல்லப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பினாற் சொல்லப்படுவன எல்லாம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டன ஆகா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மேடையிலும் திரையிலும் உழைத்த ஒரு கலைஞரை அளப்பதற்கு, தமிழுலகத்திடம் ஓர் ஆணின் பெயரைத் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை என்பதையே அப்பட்டம் பறைசாற்றுகின்றது. சிவாஜி கணேசனை ‘ஆண் மனோரமா’ என்று எவரும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் அரங்கு நகைத்திருக்கும். அந்த நகைப்பின் பொருள் யாது என்பதே இங்கு எழும் வினா.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மனோரமாவின் படங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரியாத குடும்பம் அரிது. நகரத்துப் படமாளிகையிற் கண்டவர் சிலர்; பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊர்கூடியிருந்து கண்டவர் பலர். இதே மக்களிடம், இதே ஊரின் கூத்துக் களரியில் ஒரு பெண் கட்டியகாரனாகவோ கோமாளியாகவோ தோன்றலாமா என்று வினவினால், விடை உடனே வரும்: ‘அது மரபல்ல.’ படித்தோர் சற்று நாகரிகமாக, ‘நகைச்சுவை பெண்ணின் இயல்புக்கு ஒத்ததன்று’ என்பர். கடல் கடந்து வாழ்ந்த ஒருத்திக்குக் கைதட்டுவதும், தம் வீட்டுப் பெண்ணின் வாயை அடைப்பதும் ஒரே கைகளே. இம்முரண்பாட்டை மரபு என்னும் சொல்லால் மூடிவிடுதல் இயலாது.

மனோரமாவின் வரலாறு பலரும் அறிந்ததே எனினும், அறிந்ததாக எண்ணப்படுவதில் அறியப்படாத பகுதியே மிகுதி. மன்னார்குடியில் 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பிறந்த கோபிசாந்தா, தாயுடன் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். தாய் பிறர் வீட்டில் ஊழியஞ்செய்து மகளை வளர்த்தார். வறுமையினாற் பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. பன்னிரண்டு வயதளவில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்னும் பெயரும் மேடையே அளித்தது. வைரம் நாடக சபாவிலும் பின்னர் எஸ்.எஸ். இராசேந்திரனின் குழுவிலும் பெற்ற பயிற்சியே அவருடைய பல்கலைக்கழகம். தமிழ்த்திரைக்கு வருமுன் சிங்களப் படமொன்றில் சிறுவேடத்தில் தோன்றியவர் அவர் என்பது இலங்கையர் பலர் அறியாத செய்தி. 1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யிலே நகைச்சுவைப் பாத்திரம் வாய்த்தது. கதாநாயகி ஆகவேண்டும் என்று வந்தவருக்கு அது ஏமாற்றமே. கதாநாயகியின் காலம் சில ஆண்டுகளே, நகைச்சுவை நடிகையின் காலம் நெடியது என்று கண்ணதாசன் அவரைத் தேற்றியதாக அவரே பின்னாளிற் கூறியதுண்டு. 1963இல் ‘கொஞ்சும் குமரி’யிலே கதாநாயகியாகவும் நடித்தார், ஆனாற் கண்ணதாசன் கணித்ததே பலித்தது. 1985இல் ஆயிரம் படங்களைக் கடந்து கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார்.

எண்ணிக்கையைச் சொல்லி வியப்பது எளிது. அதனோடு நின்றுவிடுதலே வழக்கமாகவும் உள்ளது. ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்பதும் அத்தகைய வியப்பே. அண்ணாதுரை, கருணாநிதி ஆகியோருடன் மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் ஆகியோருடன் திரையிலும் அவர் நடித்தது உண்மை. அதனால் முதலமைச்சர்களுக்குப் பெருமையா, மனோரமாவுக்குப் பெருமையா என்று எவரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டியது அவருடைய தொழில் எத்தகையது என்பதையே. 1968இல் ஏ.பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்தது. அதில் ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரியாக அவர் வருகின்றார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என மலைகள் நிறைந்த அப்படத்தில் சில காட்சிகளே அவருக்கு உரியன. அச்சில காட்சிகளில், பகட்டும் பேதைமையும் பரிவும் தொழிற்செருக்கும் ஒருங்கே கலந்த ஒரு முழு மனுசியை அவர் நிறுத்திவிடுகின்றார். அவள் பேச்சிலே சிரிப்பவர், அவள் நாதசுரக்காரனை நோக்கும் பார்வையிலே சிரிப்பை நிறுத்திக்கொள்வர். ஒரு கலைஞன்பால் இன்னொரு கலைஞர் கொண்ட மதிப்பு அது. நாடகக் குழுக்களின் ஏழ்மையையும் ஊரூராகச் செல்லும் அலைச்சலையும் தன்னுடம்பில் அறிந்த ஒருத்தியே அதனைச் செய்ய முடியும். பார்த்துப் பழகிச் செய்யும் போலிமை அங்கில்லை.

அவருடைய நாவின் ஆட்சி தனித்து ஆராயத்தக்கது. சென்னைக் குப்பத்துப் பேச்சு, கொங்குநாட்டுப் பேச்சு, அந்தணர் வீட்டுப் பேச்சு, செட்டிநாட்டுப் பேச்சு என அவர் பேசாத கிளைவழக்கு அரிது. ஒலியை மட்டும் மாற்றினார் அல்லர். ஒலியோடு மூச்சின் அளவையும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நிற்கும் இடைவெளியையும் மாற்றினார். 1968இன் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைச் சேரிமொழியில் அவரே பாடிய பாட்டு, பாடகி ஒருத்தியின் பாட்டு அன்று, பாத்திரத்தின் பாட்டு. 1986இன் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்திலோ வீட்டு வேலைக்காரி கண்ணம்மா, வீட்டார் அனைவரும் கற்றுத் தெளியாததைத் தெளிந்தவளாய் நிற்கின்றாள். 1992இன் ‘சின்னக் கவுண்டர்’ படத்துக்காக முன்தள்ளிய பற்களைப் பொருத்திக்கொண்டார். அழகு என்னும் காவலை முற்றாக உதறிவிட்டு அரங்கில் நிற்கும் துணிவு எத்தனை கதாநாயகருக்கு உண்டு?

ஆயினும் திரையுலகம் அவரை எங்ஙனம் நடத்தியது என்பதையும் சொல்லியாகவேண்டும். தமிழ்த்திரையில் ஒரு பெண் நகைக்க வேண்டுமானால் அவள் ஏழையாக, வேலைக்காரியாக, அழகற்றவளாக, அன்றேல் முதியவளாக இருத்தல் வேண்டும் என்பது எழுதாச் சட்டம். கதாநாயகி சிரிப்பாள், சிரிக்க வைக்கமாட்டாள். மனோரமா இச்சட்டத்தின் உள்ளே நின்றுகொண்டே அதன் சுவர்களை வளைத்தார் எனலாம். இடித்தார் எனல் மிகை. பல படங்களிலே அவருடைய நிறமும் உருவமுமே நகைப்பொருளாக்கப்பட்டன. தேசிய விருது 1989இன் ‘புதிய பாதை’க்குக் கிடைத்தபோது அது துணை நடிகைக்கு உரிய விருதாகவே கிடைத்தது. அழுத்தமான குணசித்திர வேடம் வந்த பின்னரே விருதும் வந்தது என்பது கவனிக்கற்பாலது. சிரிக்க வைத்த முப்பது ஆண்டுகள் நடுவர்களின் கண்ணுக்கு நடிப்பாகத் தோன்றவில்லை போலும்! ‘ஆச்சி’ என்னும் மதிப்புப் பெயரும் இத்தகையதே. செட்டிநாட்டில் அது பெண்டிரை மரியாதையாக விளிக்கும் சொல். ஈழத்தமிழிலோ மூதாட்டியைக் குறிப்பது. ஈழத்தில் அப்பெயரைக் கேட்போர் அவரை இளமையிலேயே கிழவியாக்கிவிடுவது ஒரு விபத்து. எனினும் பொருத்தமான விபத்து. நகைக்கின்ற பெண்ணைச் சமூகம் பொறுத்துக்கொள்வது அவள் மூத்துவிட்டாள் என்று நம்பும்போது மட்டுமே.

அவருக்கு முன் நின்றவர் கதியும் நோக்கத்தக்கது. டி.ஏ. மதுரம் என்றவுடன் என்.எஸ். கிருஷ்ணனின் பெயரே நாவில் எழும். இலட்சுமிகாந்தன் வழக்கிலே கலைவாணர் சிறையிருந்த ஆண்டுகளில், 1947இல் விடுதலை வரும்வரை வழக்கையும் நாடகக் குழுவையும் தாங்கியவர் மதுரமே. அவரின்றிக் கலைவாணரின் நகைச்சுவைக் காட்சிகளிற் பாதி இல்லை. கேள்வி கேட்பவரும் வாயடைப்பவரும் அவரே. என்றாலும் வரலாறு எழுதுவோர் அவரை ‘துணைவியார்’ என்று ஒரு வரியிலே கடந்துவிடுவர்.

இனி வாவிக்கரைக்கு வருவோர் காண்பது யாது? வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்தினைப் பேணிவந்த மண் இது. அல்லி, பவளக்கொடி, சுபத்திரை, திரௌபதை என்று பெண்பாத்திரங்கள் கொடிகட்டிப் பறக்கின்ற கூத்துகள் இங்குள்ளன. அவற்றை மரபாக ஆடியவர் ஆடவரே. மகிடிக் கூத்திலே குறத்தியாக வந்து குறவனுடன் வாதாடிக் களரியைச் சிரிக்க வைப்பவரும் மீசை மழித்த ஆடவரே. பெண்ணின் நடையும், பெண்ணின் ஏச்சும், பெண்ணின் கோபமும் களரியில் நகைப்பொருள் ஆகலாம். பெண்தான் களரியில் ஏறலாகாது. பாய் விரித்து விடியும்வரை இருந்து, தம்மைப் போலியாக நடிப்பவனைப் பார்த்துச் சிரிப்பதே அவளுக்கு விதிக்கப்பட்ட பங்கு.

இதற்குக் கூறப்படும் காரணங்கள் சில. கூத்து உடல்வலிமை வேண்டும் கலை, தாளக்கட்டுக்குப் பெண்ணுடல் தாங்காது என்பது ஒன்று. வயலிலே விடியற்காலை முதல் நாற்று நட்டும் களை பிடுங்கியும் அறுவடை செய்தும் முதுகு வளைந்தவளின் உடல், சதங்கை கட்டியவுடன் நொய்ந்துவிடும் என்பது விந்தையான உடற்கூற்றியல்! கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே பெண்கள் கூத்தாட்டம் பயில்கின்றனர். தாளம் அவர்களைக் கண்டு தளரவில்லை. மரபு மாறலாகாது என்பது மற்றொன்று. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைத் துணைக்கொண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்தபோது, விடியவிடிய ஆடிய கூத்துச் சுருக்கப்பட்டது; வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. அதனை மரபுக்கேடு என்று கூறாது மறுமலர்ச்சி என்று பாராட்டியோர், கோமாளி வேடத்தைப் பெண் ஏற்பதனை மட்டும் கேடு என்பது எந்நியாயம்? நேரத்தைக் குறைக்கலாம், களரியின் வடிவத்தை மாற்றலாம், மின்விளக்குப் போடலாம், ஒலிபெருக்கி கட்டலாம். பெண் நகைக்க மட்டும் முடியாது! அப்படியாயின் பேணப்படுவது கூத்து மரபு அன்று; வேறொன்று.

அந்த வேறொன்று எதுவெனக் காண, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சன்னிதிவரை சென்றால் போதும். ஆண்டுதோறும் பாரதக்கதை சடங்காக நிகழ்ந்து தீமிதிப்பில் நிறைவுறும் தலம் அது. பாரதப் போருக்குக் காரணம் யாது என்று இப்பகுதியிலே எந்தச் சிறுவனைக் கேட்டாலும், துரியோதனன் பளிங்குத் தரையில் இடறியபோது பாஞ்சாலி சிரித்ததே என்பான். ஒரு பெண்ணின் சிரிப்பு பதினெட்டு நாட்போரை மூட்டிற்று என்னும் பாடம் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகின்றது. ஆனால் வியாச பாரதத்தின் சபா பருவத்தை எடுத்து நோக்கின், நிகழ்ச்சி நேரே கூறப்படுமிடத்திற் சிரிப்பவர்கள் வீமனும் அவன் தம்பியரும் ஏவலாளருமே. திரௌபதியும் சிரித்தாள் என்பது துரியோதனன் பின்னர்க் கூறும் முறையீட்டிலேயே வருகின்றது. ஆடவர் சிரித்த பழியைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அதனையே பெண் சிரிக்கலாகாது என்பதற்குச் சான்றாகவும் காட்டுவது எத்துணைப் பெரிய சாமர்த்தியம்! கூத்தாடும் ஊர்களின் நினைவில் இச்சிரிப்பு இருக்கும்வரை, கோமாளி ஏட்டைப் பெண்ணிடம் கொடுக்க அண்ணாவியார் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனாற் சடங்கு வேறு கதையும் சொல்லுகின்றது. கண்ணகி அம்மனுக்கு உரிய கொம்புமுறி விளையாட்டிலே ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகி, ஒரு சாரார் மறுசாராரை வசைபாடி நகைப்பர். தெய்வத்தின் சினம் தணிவது அவ்வாறே என்பது நம்பிக்கை. நகைப்பு மங்கலமற்றது என்ற எண்ணம் வாவிக்கரையின் பழைய எண்ணம் அன்று. கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் முஸ்லிம் பெண்கள் பாடிய கவிகளில் உள்ள எள்ளலும், தமிழ்ப் பெண்கள் நெற்குத்தும்போதும் மீன் விற்கும்போதும் வீசும் விடுகதைச் சொல்லும் எந்தக் கோமாளியின் ஏட்டுக்கும் குறைந்தன அல்ல. தாய்வழிக் குடிமுறை வழங்கும் நாடு இது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாய்ச் சேர்கின்றன. மணமகன் பெண்வீட்டுக்கு வருகின்றான். வீட்டிற்கு உரியவள், வீட்டின் முன்னே போடப்பட்ட களரிக்கு உரியவள் அல்லள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

களரிதான் பழமை என்றால், புதிய ஊடகம் வேறுவழி சென்றதா? இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டு நாடே சிரித்தது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமுமாயிற்று. மரிக்கார், அப்புக்குட்டி போன்ற பெயர்களை இன்றும் மூத்தோர் நினைவுகூர்வர். அந்நினைவில் நிற்கும் கோமாளிகள் அனைவரும் ஆடவர். பெண் குரல்கள் வானொலியில் இல்லாமலில்லை. சிறந்த நடிகையர் இருந்தனர். கோமாளி என்னும் பட்டந்தான் அவர்களுக்குத் தரப்படவில்லை.

பிறநாட்டு அரங்கைச் சான்று காட்டுவோரும் தம் சான்றை முழுமையாகப் படிப்பதில்லை. யப்பானியக் கபுக்கி ஆண்களின் கலை என்று எடுத்துக்காட்டப்படும். அதனைத் தொடக்கியவள் ஒக்குனி என்னும் பெண். 1603அளவில் ஆண்வேடம் பூண்டு நகைப்புக் காட்சிகளை ஆடியவள். 1629இல் அரசாணை பெண்களை மேடையிலிருந்து விலக்கிற்று. அதன்பின் வந்ததே ஆண்கள் பெண்வேடமிடும் ‘மரபு’. சேக்சுபியரின் நாடகங்களிலே பெண்பாத்திரங்களைச் சிறுவர் நடித்தனர். 1660இன் பின்னரே ஆங்கில மேடையிற் பெண்கள் ஏறினர். அதனாற் சேக்சுபியர் கெட்டொழியவில்லை. அந்நாடகங்களைத் தமிழுக்கு ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை 1926இல் தந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் என்பதை இம்மண்ணின் மாணவர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கற்றோர் அவையின் பொறுப்பு இங்கேதான் வருகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கியபோது முதலில் வைத்தது நகையை. அதற்கு எள்ளல் முதலாக நான்கு நிலைக்களன் வகுத்தார். அவற்றுள் ஒன்று மடன். பிற்காலத்தார் பெண்ணுக்கு அணியாகக் கூறிய நாற்குணத்திலும் மடம் உண்டு. ஆணிடம் நகைக்குக் காரணமானது பெண்ணிடம் கற்புக்கு அணியாயிற்று! உரையாசிரியர்கள் இவ்விரண்டுக்கும் வேறுபாடு காட்டி விளக்குவர்; அவ்விளக்கம் தேர்வுத்தாளுக்குப் போதுமானது. நாடகமும் அரங்கியலும் கற்பிக்குமிடங்களில் விதூடகன் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லப்படும். மதுரம் பற்றியோ, மனோரமா பற்றியோ, ‘காதலிக்க நேரமில்லை’ படத்துச் சச்சு பற்றியோ, 1995இல் ‘சதிலீலாவதி’யிலே கமலகாசனுக்கு இணையாக நின்று படத்தையே தன்பக்கம் ஈர்த்த கோவை சரளா பற்றியோ எழுதினால், ‘சினிமாச் செய்தி’ என்று ஒதுக்கப்படும். நகைச்சுவை நடிகையின் தொழில் ஆய்வுக்குரிய பொருள் அன்று என்று தீர்ப்பளித்தவர் எவர்? எந்த நூலைக்கொண்டு?

மாற்றம் சிறிதும் இல்லை என்பது நேர்மையாகாது. சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், கூத்தினுள் உறைந்த பால்வேற்றுமையையே கேள்விக்கு உட்படுத்திற்று. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் கலைக்குழுப் பெண்கள் வீதியில் நாடகம் ஆடினர். சித்திரலேகா மௌனகுருவின் எழுத்தும் கற்பித்தலும் இவ்வினாக்களுக்குச் சொல் தந்தன. ஆனால் மொத்தத்தில் மேடையேறிய பெண் பெரும்பாலும் அழுபவளாகவே ஏற்றப்பட்டாள். மகனை இழந்த தாய், கணவனைத் தேடும் மனைவி, துகிலுரியப்பட்ட பாஞ்சாலி, சிலம்பேந்திய கண்ணகி. இவ்வேடங்கள் பொய்யல்ல. 2009வரை நீண்ட போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கண்ட கரை இது. அழுகைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. ஆதலால், ‘இது சிரிக்கும் காலமா?’ என்று சிலர் கேட்பர். அவர்கள் இழவு வீட்டின் பின்கட்டுக்குச் சென்றதில்லை போலும். எட்டுச் செலவுக்கு அரிசி புடைக்கும் பெண்கள் இறந்தவனின் குறும்புகளை எடுத்துச்சொல்லி, முன்றானையால் வாய்பொத்திச் சிரிப்பதை அவர்கள் கேட்டதில்லை. அழுகையும் நகையும் அவளிடம் அடுத்தடுத்து உள்ளன. முன்கட்டில் நிகழும் ஒப்பாரியை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டு, பின்கட்டின் சிரிப்பை விட்டுவிடுவோர் அவளுடைய துயரத்தையும் பாதியாகவே காட்டுகின்றனர்.

மனோரமாவை ஆக்கியது விதியன்று. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையிலே ஒரு நாடகக் குழு ஏட்டைக் கொடுத்தது. வாவிக்கரையிலும் அதற்கு ஒரு நாள் உண்டு. கூத்தொன்றைப் பழகத் தொடங்குமுன் ஊர்கூடியிருக்க, அண்ணாவியார் ஆளுக்கேற்ற வேடத்தைத் தெரிந்து ஏடு வழங்குவதைச் சட்டம் கொடுத்தல் என்பர். அரசனுக்கு உயரம் பார்ப்பர், தோழிக்குக் குரல் பார்ப்பர், கட்டியகாரனுக்கு வாய் பார்ப்பர். தமிழ்ச் சங்கம் அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கும் அந்நாளில், வரிசையிலே நிற்கும் மாணவியர் முன்னும் கட்டியகாரனின் ஏடு நீட்டப்படல் வேண்டும். அவள் வாயை அண்ணாவியார் பார்க்கட்டும். பார்த்தபின் ஆகாது என்றால், ஏன் ஆகாது என்பதைக் களரியின் நடுவில் நின்று எல்லார்க்கும் கேட்கச் சொல்லட்டும்.